‘காலி’ என்று எழுதப்பட்ட தொட்டிகள்: வட அமெரிக்கப் பேரேரிகளின் பேலஸ்ட் நீர்க் கட்டுப்பாடு குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

1988 ஜூன் முதல் நாளில், ஹியூரான் ஏரிக்கும் ஈரி ஏரிக்கும் நடுவே கிடக்கும் செயின்ட் கிளேர் ஏரியின் அடித்தரையை ஆராய்ந்துகொண்டிருந்த கனடாவின் வின்ட்சர் பல்கலைக்கழக மாணவர்களுக்குக் கூழாங்கற்களோடு ஒட்டிக்கொண்டிருந்த சிறு மட்டி ஒன்று கிடைத்தது. வெளிர்நிற ஓட்டில் பழுப்பு வரிகள் ஓடிய அந்த மட்டி, வட அமெரிக்க நன்னீர் உயிரினங்களின் பட்டியலில் எங்கும் இல்லாதது. கருங்கடல், காஸ்பியன் கடல் வடிநிலங்களைத் தாயகமாகக் கொண்ட ஜீப்ரா மட்டி அது. அட்லான்டிக் பெருங்கடலின் உப்பு நீரை அது தானாக நீந்திக் கடந்திருக்க முடியாது. ஏதோ ஒரு கப்பல் தன் எடையைச் சரிசெய்யத் தொட்டிக்குள் ஏற்றியிருந்த நீரோடு, அதாவது பேலஸ்ட் நீரோடு, வந்து, அந்த நீர் ஏரியில் கொட்டப்பட்டபோது அதுவும் இறங்கியிருக்கிறது.

அடுத்த முப்பதாண்டுகளில் அமெரிக்க, கனடிய அரசுகள் இந்த ஒரு வழியை அடைப்பதற்கு எடுத்த நடவடிக்கைகளே இவ்வாய்வின் பொருள். முதற்கட்டச் சட்டங்கள் தோற்றது அவை வலுவற்றவையாக இருந்ததால் அன்று. எதைக் கப்பல் நீர் என்று எண்ணுவது என்பதைத் தவறாக வரையறுத்ததால்தான் தோற்றன என்பது என் முடிவு.

மட்டி செய்த வேலை

ஒரு பெண் ஜீப்ரா மட்டி ஓராண்டில் 10 லட்சம் முட்டைகள் வரை இடும். வெளிவரும் இளவுயிரி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அது சில வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்து திரிந்தபின், பாறையோ, படகின் அடிப்பகுதியோ, குடிநீர்க் குழாயின் உட்சுவரோ, கெட்டியான எந்தப் பரப்பு கிடைத்தாலும் பட்டுநூல் போன்ற நார்களால் தன்னைக் கட்டிக்கொண்டு அங்கேயே வளரத் தொடங்கும். அதன் முதுகில் அடுத்த தலைமுறை ஒட்டும், அதன்மேல் இன்னொன்று. ஈரி ஏரிக்கரையில் மிச்சிகன் மாநிலத்தின் மன்றோ நகரிலுள்ள மின்நிலையத்தின் நீர்க் கால்வாயில் ஒரு சதுர மீட்டருக்கு 7 லட்சத்துக்கும் மேற்பட்ட மட்டிகள் எண்ணப்பட்டன. 1989 டிசம்பரில் அதே நகரின் குடிநீர் எடுப்புக் குழாய் மட்டிகளாலும் பனிக்கட்டியாலும் அடைபட்டு, நகரமே தண்ணீரின்றித் தவித்தது.

ஒவ்வொரு மட்டியும் நாளுக்கு ஒரு லிட்டர் வரை நீரை வடிகட்டும். அதனால் ஈரி ஏரி தெளிந்தது. தெளிவு என்றதும் நல்லது என்று தோன்றலாம். ஆனால் அந்தத் தெளிவு, மீன்குஞ்சுகளின் உணவான நுண்பாசிகள் மட்டியின் வயிற்றுக்குள் போனதன் விளைவு. 1989இல் அதன் இனத்துக் குவாகா மட்டியும், 1990இல் உளுவை வகையைச் சேர்ந்த ரவுண்ட் கோபி மீனும் கண்டறியப்பட்டன. மூன்றும் கருங்கடல், காஸ்பியன் பகுதியிலிருந்தே வந்தவை. பின்னாளில் குவாகா மட்டி ஆழ்நீரையும் பிடித்துக்கொண்டு, ஜீப்ரா மட்டியைப் பல இடங்களில் ஓரங்கட்டியது. 2007இல் அது மேற்கே பாலைவன மாநிலங்களுக்கு நடுவே இருக்கும் மீட் ஏரி வரை போய்ச் சேர்ந்திருந்தது.

கப்பல் ஏன் தண்ணீரைச் சுமக்கிறது

சரக்கை இறக்கிவிட்ட கப்பல் தண்ணீருக்கு மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ப்ரொப்பெல்லர் முழுதாக மூழ்காது, அலையில் உடல் உருளும், உடற்சட்டம் தாங்க வேண்டிய வளைவிசையும் மாறிப்போகும். இழந்த எடையை ஈடுகட்டத் துறைமுகத்து நீரையே அடித்தட்டுத் தொட்டிகளிலும் பக்கத் தொட்டிகளிலும் பம்ப் மூலம் ஏற்றிக்கொள்வதும், அடுத்த துறைமுகத்தில் சரக்கு ஏறஏற அந்த நீரை வெளியே தள்ளுவதும் எஃகுக் கப்பல்களின் காலத்திலிருந்து வரும் வழக்கம். அதற்கு முன் இதே வேலைக்குக் கல்லும் மணலும் பயன்பட்டன. கல்லை ஏற்றி இறக்குவது கூலியாட்களின் நாள்கணக்கான வேலை, நீருக்கு ஒரு வால்வைத் திறந்தால் போதும். இந்த எளிமைதான் சிக்கலின் வேர்.

செயின்ட் லாரன்ஸ் கடல்வழி 1959இல் திறக்கப்பட்டபின், அட்லான்டிக்கிலிருந்து பெருங்கப்பல்கள், கப்பலைப் படிப்படியாக உயர்த்திவிடும் மதகுகள் வழியே ஏறி, கண்டத்தின் நடுவிலுள்ள சுப்பீரியர் ஏரி வரை செல்ல முடிந்தது. 1960க்குப் பிந்தைய நாற்பதாண்டுகளில், சராசரியாக 28 வாரத்துக்கு ஒரு புதிய வேற்றிட உயிரினம் ஏரிகளில் கண்டறியப்பட்டதாக ஆய்வாளர்கள் கணக்கிட்டுள்ளனர். அவற்றில் பெரும்பான்மை பேலஸ்ட் நீரோடு தொடர்புடையவை.

முதல் சட்டமும் அதன் கணிதமும்

கனடா 1989இல் தன்னார்வ வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அமெரிக்க நாடாளுமன்றம் 1990 நவம்பரில் வேற்றிட நீர்வாழ் தொல்லை உயிரினத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. அதன்கீழ் அமெரிக்கக் கடலோரக் காவல்படை வகுத்த விதிகள் 1993இல் கட்டாயமாயின. விதி சுருக்கமானது: பேலஸ்ட் நீருடன் பேரேரிகளுக்குள் வரும் கப்பல், கரையிலிருந்து 200 கடல் மைலுக்கு அப்பால், 2,000 மீட்டருக்கு மேல் ஆழமுள்ள கடலில் தன் தொட்டி நீரை மாற்றிக்கொண்டு வரவேண்டும், வந்து சேரும்போது தொட்டி நீரின் உப்பளவு ஆயிரத்துக்கு 30 பங்குக்குக் குறையக்கூடாது.

இதன் பின்னே இரண்டு தர்க்கங்கள் இருந்தன. துறைமுகத்தின் கரையோர உயிர்கள் நடுக்கடலில் கொட்டப்பட்டால் பிழைக்காது. நடுக்கடலின் உயிர்கள் நன்னீர் ஏரியில் கொட்டப்பட்டால் பிழைக்காது. இரண்டும் சரியானவை. நீரை மாற்றும் முறைகளும் இரண்டு. தொட்டியை முழுதும் காலி செய்து மீண்டும் நிரப்புவது ஒன்று. நிரம்பிய தொட்டிக்குள் அடியிலிருந்து கடல்நீரைத் தொடர்ந்து செலுத்தி மேலே வழியவிடுவது மற்றொன்று. வழியவிடும் முறையில், நன்றாகக் கலக்கும் ஒரு தொட்டியில் அதன் கொள்ளளவுக்குச் சமமான நீரை ஒருமுறை செலுத்தினால் பழைய நீரில் 63 விழுக்காடும், இருமுறை செலுத்தினால் 86 விழுக்காடும், மும்முறை செலுத்தினால் 95 விழுக்காடும் வெளியேறும். பின்னாளில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு எழுதிய உடன்படிக்கையில் வரும் ‘95 விழுக்காடு, மூன்று மடங்கு’ என்ற தொடர் இந்தக் கணக்கோடு பொருந்துகிறது. ஆனால் பேலஸ்ட் தொட்டி என்பது கண்ணாடிக் குவளை அன்று. அதற்குள் குறுக்கும் நெடுக்கும் விறைப்புச் சட்டங்கள் ஓடுகின்றன, அவற்றின் மூலைகளில் நீர் கலக்காமல் தேங்குகிறது. 95 விழுக்காடு நீர் வெளியேறியது என்றால் 95 விழுக்காடு உயிர்கள் வெளியேறின என்று பொருளாகாது.

நடுக்கடலில் தொட்டியைக் காலி செய்வது கப்பலுக்கே ஆபத்தாக முடியலாம் என்பதையும் குறிப்பிட வேண்டும். 2006 ஜூலையில் ‘கூகர் ஏஸ்’ என்ற வாகனக் கப்பல் 4,800க்கும் மேற்பட்ட வாகனங்களுடன் அலூஷியன் தீவுகளுக்குத் தெற்கே பேலஸ்ட் நீரை மாற்றிக்கொண்டிருக்கும்போது நிலைகுலைந்து, ஏறக்குறையப் படுத்த நிலைக்குச் சாய்ந்தது. பணியாளர்கள் 23 பேரும் மீட்கப்பட்டனர். பின்னர் நடந்த மீட்புப் பணியில் வல்லுநர் ஒருவர் உயிரிழந்தார். கடல் கொந்தளிப்பாக இருந்தால் நீரை மாற்ற வேண்டியதில்லை என்ற விலக்கைக் கப்பல் தலைவரின் முடிவுக்கு விட்டதற்குக் காரணம் இத்தகைய அபாயமே. அந்த விலக்கு நியாயமானது. அதே சமயம், அது பாதுகாப்பில் விழுந்த ஓர் ஓட்டையும்கூட.

காலி அல்லாத காலி

1993ஆம் ஆண்டு விதி ‘பேலஸ்ட் நீருடன் வரும் கப்பல்’ என்று தொடங்கியது. 1990களில் கடலிலிருந்து பேரேரிகளுக்குள் வந்த கப்பல்களில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது, ‘பேலஸ்ட் இல்லை’ என்று அறிவித்து நுழைந்தவை. துறைமுக வழக்கில் இவற்றுக்கு ‘நோபாப்’ கப்பல் என்று பெயர். ஐரோப்பாவிலிருந்து எஃகை ஏற்றிக்கொண்டு வந்து, திரும்பும்போது தானியத்தை ஏற்றிச் செல்வதுதான் இவ்வழியின் வணிகம் என்பதால், உள்ளே வரும் கப்பல் சரக்கு நிறைந்தும் தொட்டி வெறுமையாகவும் இருப்பது இயல்பு. விதிக்குக் கட்டுப்பட வேண்டிய கப்பல்கள் சிறுபான்மையாயின. விதி யாரையும் ஏமாற்றவில்லை, யாரும் விதியை ஏமாற்றவும் இல்லை. படிவத்தில் எழுதியது உண்மைதான், அதாவது பம்ப் இழுக்கக்கூடிய நீர் தொட்டியில் இல்லை.

ஆனால் பம்ப்பின் உறிஞ்சுவாய் தொட்டியின் தரையைத் தொடுவதில்லை. அதற்குக் கீழே நிற்கும் நீரும், தரைச் சட்டங்களுக்கு இடையே சிக்கிக்கொள்ளும் நீரும் வெளியேறாது. ஆற்றுமுகத் துறைமுகங்களில் கலங்கல் நீரை ஏற்றும்போதெல்லாம் அதிலுள்ள வண்டல் படிந்து, ஆண்டுக்கணக்கில் அடுக்கடுக்காகச் சேர்கிறது. கையில் விளக்கோடு ஆள்புழை வழியே இறங்கிப் பார்த்தால், ‘காலி’ என்று எழுதப்பட்ட தொட்டியில் காலணி புதையும் சேறு இருக்கும். ஒரு கப்பலின் எல்லாத் தொட்டிகளையும் சேர்த்தால் இந்த மிச்சம் பல பத்து டன் வரை தேறும்.

இப்படி வந்த கப்பல், கிளீவ்லாந்திலோ ஹாமில்டனிலோ எஃகை இறக்குகிறது. எடை குறைந்ததால் அங்கே ஏரிநீரைத் தொட்டிக்குள் ஏற்றுகிறது. வெளிநாட்டுச் சேறும் மிச்ச நீரும் அந்த ஏரிநீரோடு கலக்கின்றன. பின் சுப்பீரியர் ஏரியின் கோடியிலுள்ள துலூத்துக்கோ தண்டர் பேக்கோ போய், தானியம் ஏறும்போது அந்தக் கலவையை வெளியே தள்ளுகிறது. சட்டத்தின் பார்வையில் இது ஏரியில் எடுத்து ஏரியில் விட்ட நீர் மட்டுமே.

சேற்றுக்குள் இருப்பது சும்மா மண்ணும் அன்று. நீர்த்தெள்ளுகளும் பிற மிதவை நுண்ணுயிர்களும் சூழல் மோசமாகும்போது தடித்த உறையுள்ள உறக்க முட்டைகளை இடுகின்றன. இவை குளிரையும் வறட்சியையும் உயிர்க்காற்று இல்லாமையையும் ஆண்டுக்கணக்கில், சில இனங்களில் பத்தாண்டுக் கணக்கில், தாங்கிக் கிடந்து, நன்னீர் பட்டதும் பொரிக்கக்கூடியவை. கட்டாய விதி வந்து ஐந்தாண்டு கழித்து, 1998இல், கொக்கி வால் கொண்ட காஸ்பியன் நீர்த்தெள்ளு ஒன்டாரியோ ஏரியில் கண்டறியப்பட்டதை இந்தப் பின்னணியில்தான் பார்க்கவேண்டும். மீனவர்களின் வலைகளிலும் தூண்டில் நூல்களிலும் அது ஈரப் பஞ்சு போல் அப்பிக்கொண்டது.

ஒரு துளி நீரை வைத்து ஒரு சோதனை

சீர்திருத்தம் ஒரே நாளில் வரவில்லை. கனடியக் கப்பல் நிறுவனங்களின் கூட்டமைப்பு 2000இல் பேலஸ்ட் நீர் மேலாண்மை பற்றிய நன்னடைமுறைத் தொகுப்பை வெளியிட்டது. கடல்வழி நிர்வாகங்கள் 2002இல் அதை மதகைக் கடப்பதற்கான நிபந்தனையாக்கின. கடலோரக் காவல்படை 2005இல் ‘காலி’க் கப்பல்களுக்கெனத் தன்னார்வப் பரிந்துரைகளைத் தந்தது. தீர்வு 2006இல் வந்தது. கனடா தன் புதிய ஒழுங்குவிதிகளில், தொட்டி காலி என்றாலும் அதில் கடல்நீரைச் சிறிதளவு ஏற்றி, கப்பலின் ஆட்டத்திலேயே அலசி, வெளியே கொட்டிவிட்டு வரவேண்டும் என்று விதித்தது. மிச்சத்தின் உப்பளவும் ஆயிரத்துக்கு 30 பங்கு இருக்கவேண்டும். 2008 கப்பல் பருவம் முதல் அமெரிக்கப் பகுதியின் கடல்வழி நிர்வாகமும் அதே விதியை ஏற்றது. இதனால் ‘பேலஸ்ட் உள்ள கப்பல்’, ‘இல்லாத கப்பல்’ என்ற பாகுபாடே ஒழிந்தது. எண்ணப்படும் அலகு கப்பல் என்பதிலிருந்து தொட்டி என்பதற்கு இறங்கியது.

நான்கு அமைப்புகள் சேர்ந்து நடத்தும் சோதனை எளிமையானது. மான்ட்ரியலில், முதல் மதகுக்கு முன்பே, ஆய்வாளர்கள் கப்பலில் ஏறுகிறார்கள். முதலில் பேலஸ்ட் பதிவேட்டைப் பார்க்கிறார்கள்: எந்தத் தொட்டி, எந்த இடத்தில், எத்தனை மணிக்கு. பின் மேல்தட்டுக்குப் போய், தொட்டியின் ஆழம் பார்க்கும் குழாயின் மூடியைக் கழற்றி, கயிற்றில் கட்டிய மாதிரிக் குப்பியை அடிவரை இறக்கி, கிடைத்த நீரில் ஒரு துளியை, உப்பளவு காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர் கருவியின் பட்டகத்தின்மேல் விட்டு, வெளிச்சத்துக்கு நேரே கண்ணில் வைத்துப் பார்க்கிறார்கள். நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு 30க்கு மேல் நின்றால் அந்தத் தொட்டி தேறியது. கீழே நின்றால் அந்த நீரைப் பேரேரிகளில் விடக்கூடாது. கப்பல் அதைத் தொட்டியிலேயே வைத்துக்கொண்டு திரும்பும் வழியில் கணக்குக் காட்டவேண்டும், இல்லாவிட்டால் கடலுக்குத் திரும்பி மாற்றிக்கொண்டு வரவேண்டும். 2009 முதல் வெளிக்கடலிலிருந்து கடல்வழிக்குள் வரும் கப்பல்கள் நூற்றுக்கு நூறு சோதிக்கப்படுகின்றன. கடலிலிருந்து வருபவை அனைத்தும் ஒரே வாயில் வழியாக நுழைந்தாகவேண்டும் என்ற புவியியல் இதற்குப் பெரிதும் உதவியது. அந்த வாய்ப்பு எல்லாக் கடற்கரைக்கும் அமைவதில்லை.

பலன் அளக்கக்கூடியதாக இருந்தது. 2006இல் பதிவான சிவப்பு நிற மைசிட் இறாலுக்குப் பின், பேலஸ்ட் நீர் வழியே வந்து நிலைபெற்றதாகச் சொல்லத்தக்க புதிய உயிரினம் எதுவும் பல ஆண்டுகள் பதிவாகவில்லை. 2022இல் வெளியான ஓர் ஆய்வு, புதிய உயிரினங்கள் நிலைபெறும் வேகம் 85 விழுக்காடு குறைந்ததாகக் கணித்தது. ஓர் உயிரினம் வந்திறங்குவதற்கும் கண்ணில் படுவதற்கும் இடையே பல ஆண்டுகள் கழியலாம் என்பதாலும், ஈரி ஏரியில் சில அயல் மிதவை நுண்ணுயிர்கள் பின்னர் கண்டறியப்பட்டதாலும் இந்த எண்ணை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது. ஆயினும் சரிவின் காலமும் விதியின் காலமும் ஒத்துப்போவதைத் தற்செயல் என்று தள்ளுவதும் கடினம்.

இந்த வெற்றியை அப்படியே வேறிடங்களுக்குப் பெயர்த்து நட முடியாது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. பேரேரிகளுக்கு ஆபத்தானவை ஐரோப்பாவின் நன்னீர், உவர்நீர்த் துறைமுகங்களிலிருந்து வரும் உயிர்கள். கடல் உப்பு அவற்றின் உடலிலுள்ள நீரை வெளியே இழுத்துக் கொல்கிறது. உறக்க முட்டைகளை உப்பு எளிதில் கொல்வதில்லை என்றாலும், அலசும்போது அவற்றில் ஒரு பங்கு சேற்றோடு வெளியேறுகிறது. இரண்டு உப்புநீர்த் துறைமுகங்களுக்கு இடையே செல்லும் கப்பலிலோ இந்த உப்பு அதிர்ச்சி இல்லை. அங்கே நீரை மாற்றுவது வெறும் நீர்த்துப்போகச் செய்யும் வேலைதான்.

எண்களும் நீதிமன்றங்களும்

உலகளவிலான தீர்வு வேறு திசையில் சென்றது. 2004 பிப்ரவரியில் ஏற்கப்பட்ட சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பேலஸ்ட் நீர் உடன்படிக்கை, உலகக் கப்பல் டன்னேஜில் 35 விழுக்காட்டைக் கொண்ட 30 நாடுகள் இணைந்தால்தான் நடைமுறைக்கு வரும் என்ற நிபந்தனையால் பதின்மூன்றாண்டுகள் காத்திருந்து, 2017 செப்டம்பர் 8 அன்று உயிர்பெற்றது. அதன் இறுதித் தரம் கப்பலிலேயே சுத்திகரிப்புக் கருவி பொருத்துவதைக் கோருகிறது. வெளியேறும் ஒரு கன மீட்டர் நீரில் 50 மைக்ரோமீட்டரும் அதற்கு மேலுமான உயிர்கள் 10க்குக் குறைவாகவும், ஒரு மில்லிலிட்டரில் 10 முதல் 50 மைக்ரோமீட்டர் வரையிலான உயிர்கள் 10க்குக் குறைவாகவும் இருக்கவேண்டும். காலரா, குடல் பாக்டீரியா ஆகியவற்றுக்குத் தனி வரம்புகள் உண்டு. 2024 செப்டம்பர் 8க்குள் உடன்படிக்கைக்கு உட்பட்ட கப்பல்கள் அனைத்தும் இத்தரத்தை எட்டவேண்டும் என்பது கெடு. பத்துக்குக் குறைவு என்பது காதுக்குக் கடுமையாகத்தான் கேட்கிறது. ஆனால் 10,000 கன மீட்டர் நீரைக் கொட்டும் கப்பல், சட்டத்தை மீறாமலே ஏறக்குறைய ஒரு லட்சம் உயிர்களை இறக்கிவிடலாம். அதைச் சரிபார்க்கப் பல கன மீட்டர் நீரை வடிகட்டி எண்ணவேண்டும். ஒரு துளியில் முடிந்த வேலை அன்று இது.

அமெரிக்கா இந்த உடன்படிக்கையில் சேரவில்லை. அதன் கடலோரக் காவல்படை 2012இல் அதே எண்களைத் தன் விதியாக்கியது. ஆனால் உடன்படிக்கை ‘பெருகும் திறனுள்ள’ உயிர்களை எண்ண, அமெரிக்க விதி ‘உயிருள்ள’ அனைத்தையும் எண்ணியது. புற ஊதாக் கதிர் பல உயிர்களைக் கொல்லாமல் மலடாக்கிவிடுகிறது என்பதால் இந்த ஒரு சொல் வேறுபாடு கருவி உற்பத்தியாளர்களைப் பல ஆண்டுகள் அலைக்கழித்தது. அமெரிக்காவின் முதல் வகை ஒப்புதல் 2016 டிசம்பரில்தான் கிடைத்தது.

இதற்கிடையில், கப்பலின் வழக்கமான இயக்கத்தில் வெளியேறும் நீருக்கு 1973இல் அளிக்கப்பட்ட விலக்கு தூய நீர்ச் சட்டத்துக்கு முரணானது என்று நீதிமன்றம் சொல்ல, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2008 இறுதியில் உரிம முறையைக் கொண்டுவந்தது. மாநிலங்களும் தத்தம் விதிகளை எழுதின. நியூயார்க் மாநிலம் சர்வதேசத் தரத்தைவிடப் பன்மடங்கு கடுமையான வரம்பை அறிவித்துவிட்டு, கனடாவுக்குப் போகும் கப்பல்களும் தன் நீர்ப்பரப்பைத் தொட்டே செல்லவேண்டியிருப்பதாலும் அத்தகைய கருவி எதுவும் கிடைக்காததாலும் 2012இல் அதைக் கைவிட்டது. 2018 டிசம்பரில் இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், தரத்தை வகுப்பது முகமையின் வேலை, அமலாக்குவது காவல்படையின் வேலை என்று பிரித்தது. முகமையின் இறுதித் தரங்கள் 2024 அக்டோபரில்தான் வெளியாயின.

ஏரியை விட்டு வெளியேறாத கப்பல்கள்

பேரேரிகளுக்குள் கொட்டப்படும் பேலஸ்ட் நீரில் மிகப் பெரும்பகுதி கடல் கப்பல்களுடையது அன்று. இரும்புத்தாதுவையும் நிலக்கரியையும் ஏரிக்கு ஏரி சுமக்கும் ‘லேக்கர்’ கப்பல்களுடையது. அவற்றில் மிகப் பெரியவை, ஏறக்குறைய 305 மீட்டர் நீளமுள்ள 13 கப்பல்கள், ஈரி, ஒன்டாரியோ ஏரிகளை இணைக்கும் வெலண்ட் கால்வாயின் மதகுகளுக்குள் அடங்காதவை என்பதால் மேலுள்ள நான்கு ஏரிகளை விட்டு ஒருபோதும் வெளியேறுவதில்லை. இவை புதிய உயிரினத்தை வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. வந்ததை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பரப்பக்கூடியவை. துலூத் துறைமுகத்தில் 1986இல் பிடிபட்ட யூரேசிய ரஃப் மீன், இடைப்பட்ட கரையோரமெல்லாம் பரவாமலே 1995இல் ஹியூரான் ஏரிக்கரையின் அல்பீனாவில் தென்பட்டதற்குப் பெரும்பாலும் இத்தகைய பயணமே காரணமாகக் கருதப்படுகிறது.

உரிமையாளர்கள் சொல்லும் தடைகள் பொய்யல்ல. உப்பிலிருந்து குளோரினை உண்டாக்கும் மின்வேதிக் கருவிக்கு ஏரியில் உப்பு கிடையாது. உப்புநீரைத் தனியே ஏற்றினால் நன்னீருக்கென்றே பூச்சின்றிக் கட்டப்பட்ட பழைய தொட்டிகள் அரிக்கும். ஆற்றுமுகத் துறைமுகங்களின் கலங்கல் நீரில் புற ஊதாக் கதிர் ஊடுருவாது. சில மணிநேரத்தில் முழுச் சரக்கும் ஏறிவிடும் துறைகளில் பம்ப்பின் வேகத்துக்குக் கருவி ஈடுகொடுக்காது. ஆனால் 2013ஆம் ஆண்டு உரிமத்தில் 2009க்கு முன் கட்டப்பட்ட லேக்கர்களுக்கு முகமை தந்த விலக்கை, 2015 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் போதிய காரணமற்றது என்று கூறியது. வரம்பிடவேண்டியவற்றை வகைப்பெயரால் வெளியே நிறுத்தும் பழைய பழக்கத்தின் இன்னொரு வடிவமாகவே அந்த விலக்கை நான் பார்க்கிறேன். 1993இல் அந்தப் பெயர் ‘பேலஸ்ட் இல்லாத கப்பல்’, இப்போது ‘உள்நாட்டுக் கப்பல்’.

கனடா 2021இல் தன் லேக்கர்களுக்கும் சுத்திகரிப்பைக் கட்டாயமாக்கி, 2009க்கு முன் கட்டப்பட்டவற்றுக்கு 2030 செப்டம்பர் வரை அவகாசம் தந்தது. கனடியத் துறைமுகத்தில் சரக்கேற்றும் அமெரிக்க லேக்கர்களையும் இந்த விதி தொடும் என்பதால், அமெரிக்க லேக்கர் உரிமையாளர்களின் சங்கம் அதற்கு முன்பே தம் நாட்டுக் கூட்டாட்சிக் கடல்வணிக ஆணையத்தில் புகார் கொடுத்திருந்தது. எல்லைக்கோடு ஏரிகளின் நடுவே ஓடுகிறது. ஒரே துறைமுகத்தில் தாதுவை இறக்கிவிட்டு ஒரே வகை நீரைச் சுமந்து கிளம்பும் இரண்டு பழைய கப்பல்களில், எதில் கருவி இருக்கவேண்டும் என்பதை இப்போது கொடியும் சேருமிடமும் முடிவுசெய்கின்றன.